இடது தோளுக்கு மேல்

மெரிடியன், மிசிசிப்பி. விடுதி அறை நூற்றுப் பதினான்கு.
சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் எந்திரத்துக்கு
பத்து நிமிடத்துக்கொரு தரம் வயிறு இரைகிறது.
மடிக்கணினியில் ரோமெல் தாகர்ட்,
எண் இருபத்தாறு, கார்னர்பேக், கல்லூரியில் கடைசி வருடம்,
பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறான்.

அதுதான் அவன் வேலை.
எதிரே வருகிறவனுக்குப் பாதை தெரியும்,
இவனுக்குத் தெரியாது.
அவன் இடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்வாங்கி
அவன் திரும்பும் கணத்தில் தானும் திரும்ப வேண்டும்.
அரை அடி பிந்தினால்
அறுபதாயிரம் பேர் பார்க்கத் தனியாகத் துரத்த வேண்டும்.

உயரம் ஐந்தடி பதினொன்று.
கல்லூரிக் கையேட்டில் ஆறடி ஒன்று.
(கையேடுகளில் எல்லாப் பையன்களும்
இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுகிறார்கள்.)
கை நீளம் முப்பத்திரண்டு. நல்ல கை.
நாற்பது கெஜ ஓட்டம் நாலு புள்ளி நாலு மூன்று என்றார்கள்.
என் ஸ்டாப்வாட்ச் நாலு நாலு ஏழு என்றது.
கட்டைவிரலுக்கு வயதாகிவிட்டது என்று
அவர்கள் எண்ணையே எழுதினேன்.

இடுப்பு, எண்ணெய் விட்ட கீல்.
முதல் ஐந்து கெஜத்துக்குள் அவன் உள்ளங்கை பட்டவன்
வந்த வழியையே மறந்துபோகிறான்.
பலம் என்ற கட்டம் சீக்கிரம் நிரம்பிவிட்டது.

பிறகு நவம்பர் மழை, சேறு,
நூற்றுப் பத்து கிலோ ரன்னிங்பேக் ஒருவன் மூலை திரும்பி வருகிறான்.
நம் ஆள் கடைக் கதவைத் திறந்து பிடித்திருப்பவன் மாதிரி
'நீங்க முதல்ல' என்று ஒதுங்குகிறான்.
எழுதினேன்: மோத மனமில்லை.
நாலாம் குவார்ட்டரில் சட்டையைப் பிடிக்கிறான்,
ஒன்பது ஆட்டத்தில் ஏழு மஞ்சள் கொடி.
எழுதினேன்: பந்தைத் தேடுவதில்லை,
எதிராளியின் முகத்தையே பார்க்கிறான்.

மணி ஒன்றரைக்குத்தான் கண்ணில் பட்டது.
அவனைத் தாண்டிப் போன ஐந்து பந்துகள்.
ஐந்தும் இடது தோளுக்கு மேல்.
ஐந்தும் இரவு ஆட்டம்.
அதே பந்து பகலில் வந்தபோது
இரண்டு முறை பறித்திருக்கிறான்.
பின்னால் ஓட்டினேன். மறுபடியும் ஓட்டினேன்.
கண் திரும்பவில்லை,
தரையில் தானியம் பார்க்கும் கோழிபோல
ஹெல்மெட்டோடு தலை முழுதும் திரும்புகிறது.

மத்தியானம் உணவகத்தில்
"மிஸ் ஆர்லீன், நீங்க இந்தப் பக்கம் உட்காருங்க" என்று
என்னைத் தன் வலப்பக்கம் மாற்றினான்.
மரியாதை என்று நினைத்தேன்.
பரிமாறிய பெண் இடப்பக்கம் வைத்த தண்ணீரை
முழங்கையால் தட்டிவிட்டு, சிரித்தான்,
தானே துணி வாங்கித் துடைத்தான்.

அவன் பயிற்சியாளர் ஹோயெட் பிரிங்கிளை அழைத்தேன், தூக்கத்தில் எழுப்பி.
"கண் பரிசோதனை எப்போ செய்தீங்க?"
மௌனம். ஸ்டாப்வாட்ச் கையில் இருந்திருந்தால்
மூன்று விநாடி காட்டியிருக்கும்.
"நல்ல பையன், ஆர்லீன்," என்றார்.
நான் கேட்டது அது இல்லை.

அப்படியானால் நாலு வருடம் எப்படி ஆடினான்?
மறுபடியும் படத்தைப் போட்டேன், பந்தை விட்டுவிட்டு.
பந்து நெருங்கும்போது எதிராளியின் விழி விரிகிறது,
விரல்கள் அவிழ்கின்றன.
அந்தக் கணத்தில் கையை உள்ளே விடுகிறான் இவன்,
பந்தைப் பார்க்காமலே.
பலவீனம் என்று நான் எழுதியதை
அழிக்கவும் முடியவில்லை,
மேலே இருக்கும் கட்டத்துக்குத் தூக்கிப்போகவும் முடியவில்லை.

மருத்துவம்: அறிந்தவை.
அந்தக் கட்டத்தில் கர்சர் துடிக்கிறது.
இரண்டாம் சுற்றுக்கும் ஐந்தாம் சுற்றுக்கும் நடுவே
அவன் அம்மாவுக்கு ஒரு வீடு, தம்பிக்குக் கல்லூரி,
இன்னும் நான் கேட்காத எத்தனையோ.
எனக்குச் சம்பளம் கொடுப்பவர்களோ
பார்த்ததை எழுதத்தான் கொடுக்கிறார்கள்.

எழுதினேன்:
இரவில், இடது தோளுக்கு மேல் வரும் பந்தில் தடுமாற்றம்.
காரணம் தெரியவில்லை.

பத்தொன்பது வருடத்தில் என் அறிக்கையில் முதல் பொய்
என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன்.
மேலே அந்த நாலு நாலு மூன்று
அப்படியே இருந்தது.